கழுவி வந்த பாட்டில்கள்

என் கணவருக்குப் பாத்திரம் கழுவத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கழுவிய டம்ளரை நான் இன்னொரு முறை கழுவாமல் அடுக்கியதே இல்லை. அப்படிப்பட்டவர் கேம்ப்பெல் பேயிலிருந்து திருப்பி அனுப்பும் ஊறுகாய் பாட்டில்கள் மட்டும் பளபளவென்று வந்தன. மூடியின் மரையில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் தொக்கை வழித்து நக்கிவிட்டு அனுப்புகிறார் என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோயிருந்தேன்.

அவருக்கு மின்சாரத் துறையில் வேலை. மாற்றல் உத்தரவு வந்தபோது தீவுகளின் தென்கோடியான கேம்ப்பெல் பேக்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள். எனக்கு போர்ட் பிளேரில் ஆபீஸ். இரண்டு பேரும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதால் ஒருவர் பின்னால் ஒருவர் ஓட முடியாது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். பாம்பூஃப்ளாட் வீட்டில் நானும் கொல்லையில் ஒரு பிலிம்பி மரமும் மிஞ்சினோம். காலையில் ஃபெர்ரி பிடித்து ஆபீஸுக்காக எதிர்க்கரை சாத்தம் போவது, சாயங்காலம் அதே ஃபெர்ரியில் திரும்பி வந்து, காய்த்துக் கொட்டும் பிலிம்பியைப் பொறுக்குவது என்று என் நாள் போகும். பிலிம்பி விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று இருக்கும். கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு.

அந்தப் பிலிம்பியை அரைத்து, சூரை மீனை உதிர்த்துப் போட்டு, நல்லெண்ணெயில் நான் கிளறும் தொக்குக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. தெலுங்கு வீடு, வங்காளி வீடு, மலையாளி வீடு எல்லாவற்றுக்கும் கிண்ணம் போகும். கணவருக்கோ அது இருந்தால் குழம்பே வேண்டாம். கேம்ப்பெல் பேயில் கப்பல் வந்தால்தான் காய்கறி. 'மௌசம் கராப்', வானிலை சரியில்லை என்று கப்பல் நின்றுவிட்டால் தக்காளியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. கடை ஊறுகாயை வாங்கித் தின்றுவிட்டுப் போ என்று விடவும் வழியில்லை. ஊறுகாய் கெடாமல் இருக்கக் கம்பெனிக்காரர்கள் போடும் மருந்து அவர் உடம்புக்கு ஆகாது. இரண்டு வாய் சாப்பிட்டால் முதுகெல்லாம் தடித்துப் போய்ச் சொறிய ஆரம்பித்துவிடுவார். அதனால் என் தொக்குதான் அவருக்குக் கதி என்று நானே தீர்மானித்திருந்தேன்.

கப்பலில் சாமான் அனுப்புவதற்கு எங்கள் தீவுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஹேடோ ஜெட்டி என்கிற கப்பல்துறையின் கேட்டுக்குப் பக்கத்தில் பையோடு நிற்க வேண்டும். மூட்டை முடிச்சோடு வருகிறவர்களிடம் "கேம்ப்பெல் பே ஜா ரஹே ஹோ?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் பையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். முன்பின் தெரியாதவர்தான். ஆனாலும் பை போய்ச் சேரும். நாளைக்கு அவருடைய மனைவி இதே கேட்டில் பையோடு நிற்பாள் அல்லவா? திரும்பி வரும் கப்பலில் அதேபோல் யாராவது ஒருவர் கையில் காலி பாட்டில்கள் வரும். தொலைபேசியில் கணவரிடம் கேட்டால் ஒரே பதில்தான். "சூப்பரா இருந்துச்சு. ஒரு குறையும் இல்ல."

குறையே சொல்லாத கணவர் எந்த வீட்டில் இருக்கிறார்? அதையும் நான் யோசிக்கவில்லை.

ஒரு தடவை பாட்டில்களைக் கொண்டுவந்தவர் அவரோடு ஒரே குவார்ட்டர்ஸில் தங்கியிருந்த சக ஊழியர். சிவகங்கைப் பக்கத்துக்காரர், என்னை அண்ணி என்பார். லீவில் ஊருக்குப் போகிற வழியில் ஹேடோவில் இறங்கியிருந்தார். பையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டப்புறம்தான் கோச்சுக்கிறதா வேணாமான்னு சொல்ல முடியும். சொல்லுங்க தம்பி."

"இந்தத் தொக்க இனிமே அனுப்பாதீங்க. பாவம், அண்ணன் ஒவ்வொரு தடவையும் பப்பாளி மரத்தடியில குழி வெட்டிப் புதைக்கிறாரு."

"என்னது?"

"வந்து சேர்றப்பவே மேல வெள்ளையா பூத்துருது அண்ணி. கப்பல்ல ஒரே புழுக்கம். கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே பை அங்க இங்கன்னு கிடக்குது. பாட்டில சுடுதண்ணியில ஊறப்போட்டு பிரஷ் வச்சுத் தேய்ப்பாரு. நாத்தம் இருந்தா நீங்க கண்டுபிடிச்சிருவீங்களாம்."

"அப்ப அவர் என்னதான் சாப்பிடறார்?"

"சோறு, பருப்பு. கப்பல் வரலைன்னா சோறும் தேங்காத் துவையலும். நைட்டுல பாதி நாள் பிஸ்கட்டுதான்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். ஆனால் அன்று யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வீடியோவில் அவருடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்ததும், நான் கேட்டதற்கு "கேமரா அப்படிக் காட்டுது" என்று அவர் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. ஃபெர்ரியில் உட்கார்ந்து பாட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் "க்யா ஹுவா?" என்று கேட்டாள். தொக்கு கெட்டுப்போச்சு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் போன் பேசும்போது வாய் வரைக்கும் வந்துவிட்டது. "பாட்டில் வந்துச்சா? தொக்கு சூப்பர்" என்று அவர் வழக்கம்போல் சொன்னார். வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் என்ன செய்வார்? மன்னிப்புக் கேட்பார், இனிமேல் அனுப்பாதே என்பார், விஷயம் அத்தோடு முடிந்துபோகும். அவர் தட்டில் ஒன்றும் வந்து விழாது. கெடாத தொக்கு ஒன்றை அனுப்பிவிட்டுத்தான் பேசுவது என்று முடிவு செய்தேன்.

மளிகைக்கு நான் போவது போர்ட் பிளேர் பஜாரில் ஒரு பாய் கடை. ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் அவர் டப்பாவைத் திறந்து வெள்ளைப் பவுடரைக் காட்டினார். "ஒரு சிட்டிகை போடுங்கம்மா. வருஷம் முழுக்க அசையாது." அதுதானே என் வீட்டுக்காரர் உடம்புக்கு ஆகாது என்றேன். பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பழைய முறைதான். கிராம்பு, பட்டை, கடுகு, பூண்டு எல்லாத்தையும் தூக்கலா போடுங்க. நம்மகிட்ட இருக்கறது கப்பல்ல வர்ற மெயின்லேண்ட் கிராம்பு, நம்பர் ஒன்" என்றார்.

செல்போனில் தேடிப் பார்த்ததும் அதையே சொன்னது. கிராம்பில் இருக்கும் எண்ணெய்க்கும் பட்டையின் எண்ணெய்க்கும் பூஞ்சையை வளரவிடாத குணம் இருக்கிறதாம். கடுகுக்கும் பூண்டுக்கும் கொஞ்சம் உண்டாம். சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று சமையலறை ஜன்னல் மேடையில் ஒரு பரிசோதனைக் கூடம் திறந்தேன். குழந்தை மருந்து வாங்கிய சின்னச் சின்ன பாட்டில்களைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி, வெந்நீரில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் தொக்கு வைத்தேன். ஒன்று வெறும் தொக்கு. ஒன்றில் கிராம்புப் பொடி, ஒன்றில் பட்டை, ஒன்றில் பூண்டும் கடுகும். கப்பலின் புழுக்கம் வேண்டுமே என்று மூடியை லேசாகத் திறந்துவைத்தேன். மழைக்காலத்து பாம்பூஃப்ளாட்டில் புழுக்கத்துக்குப் பஞ்சமில்லை. அலமாரியில் மடித்து வைத்த புடவையிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊர்.

வெறும் தொக்கு முதலில் பூத்தது, அது எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்து எது பூத்தது தெரியுமா? கிராம்பு. எது காப்பாற்றும் என்று ஊரே சொன்னதோ அதுதான் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. பட்டை கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பூண்டும் கடுகும் நடுவில். அளவு போதவில்லை என்று இன்னும் நிறையக் கிராம்பை அரைத்துப் போட்டுப் பார்த்தேன். தொக்கு கறுத்ததே தவிர பூஞ்சை அசரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் செல்போனைத்தான் திட்டினேன். பாய் நேரில் கிடைத்திருந்தால் அவரையும் திட்டியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து மேசைக்காரியைத் தீதி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வங்காளிக்காரி, வண்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வீட்டைச் சுற்றிப் பாக்குத் தோட்டம், நடுவில் நாலைந்து கிராம்பு மரம். கைப்பையைத் துழாவி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, "லோங் ஹை. தாந்த் மே தபாவோ" என்று ஒரு கிராம்பை நீட்டினாள். வலிக்கிற பல்லில் வைத்துக் கடித்தேன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாக்கு, உதடு, பாதிக் கன்னம் எல்லாம் மரத்துப்போய், மத்தியானம் டீ குடித்தபோது வாயோரத்தில் வழிந்தது தெரியாமல் பைலில் சிந்திவிட்டேன். தீதி விழுந்து விழுந்து சிரித்தாள். வலி போய்விட்டது. ஆனால் மனதுக்குள் வேறொன்று குடைய ஆரம்பித்தது. இத்தனை நாளாகத் தொக்கு ருசி பார்க்கிறேன் என்று கிராம்பை வாய் வாயாகத் தின்றிருக்கிறேனே, ஒரு தடவைகூட நாக்கு மரக்கவில்லையே?

வீட்டுக்குப் போனதும் பாய் கடைக் கிராம்பை எடுத்துக் கடித்தேன். தீக்குச்சியைக் கடித்தது போல இருந்தது. வாசனை என்னவோ இருந்தது, காரம் இல்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் தீதி கொடுத்தது நாலு, இன்னொன்றில் கடையில் வாங்கியது நாலு போட்டேன். வண்டூர்க் கிராம்பு மூழ்கியது. ஒன்றுமட்டும் தலையை மேலே வைத்துச் செங்குத்தாக நின்றது. கடைக் கிராம்பு நாலும் மல்லாந்து மிதந்தன.

செல்போனை மறுபடியும் எடுத்து, போன தடவை படிக்காமல் விட்ட கீழ்ப்பக்கத்தைப் படித்தேன். கிராம்பிலிருந்து எண்ணெயைத் தனியாக வடித்து விற்கிறார்கள். எண்ணெய் போன சக்கையை உலர்த்தி, நல்ல கிராம்போடு கலந்து விற்கிறவர்களும் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஆக, பூஞ்சையோடு சண்டைக்குப் போ என்று நான் அனுப்பியது வெறும் கூட்டை.

மறுநாள் தீதியிடம் சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள். "அப்போ உங்க வீட்டுச் சமையலுக்கு இந்த மரத்துக் கிராம்பைத்தானே போடுவீங்க?" என்று கேட்டேன். "நஹி நஹி" என்று கையை ஆட்டினாள். மரத்துக் கிராம்பு பல்வலிக்கு வைப்பதற்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதற்கும்தான். புலாவுக்கு மட்டும் அவளும் பஜாருக்குப் போய் மெயின்லேண்ட் கிராம்பு வாங்குகிறாள். மெயின்லேண்ட் சாமான் என்றால் உசத்தி அல்லவா!

சிரிப்பு வந்தாலும் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தத் தீவுகளில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான். துணியோ வெங்காயமோ மாப்பிள்ளையோ, கப்பலில் வந்து இறங்கியதென்றால் ஒரு மதிப்பு. நம் மண்ணில் முளைத்தால் அது சும்மா கிடைக்கிற சரக்கு. என் வீட்டு வேலிக்கு அந்தப்புறம்கூட ஒரு பட்டை மரம் நின்றது. அதன் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டுப் போவேனே தவிர, பட்டையை வாங்கியது என்னவோ பஜாரில்தான்.

பாயிடம் இரண்டு டம்ளரோடு போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். அவர் எதிரிலேயே போட்டுக் காட்டியதும் மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. தன் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுப் பார்த்தார்.

"யா அல்லா, எல்லாம் நீச்சலடிக்குதேம்மா!"

"இதத்தான் நம்பர் ஒன்னு சொல்லிக் குடுத்தீங்க பாய்."

"சத்தியமா தெரியாதும்மா. எங்க வீட்டு பிரியாணிக்கும் இதுதான் போவுது. போன மாசம் எங்க மச்சான் பிரியாணில வாசனையே இல்லன்னு சொன்னான். அவனுக்குச் சளின்னு நெனச்சேன்."

அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? வண்டூர் தீதியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் டம்ளர்களைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நல்ல கிராம்பு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வண்டூர்க் கிராம்பை வழக்கம்போல் கொதிக்கும் எண்ணெயில் தாளித்துப் போட்டபோது தெரு முழுக்க மணந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இன்று பிரியாணியா என்று கேட்டார்கள். ஆனால் தொக்கில் காரம் பாதிதான் மிஞ்சியது. எண்ணெய் கொதித்தால் கிராம்பின் சத்து தெருவுக்குப் போகிறது, பாட்டிலுக்குள் போவதில்லை. எனவே கிராம்பையும் பட்டையையும் இடித்து, கை பொறுக்கும் சூட்டிலிருந்த நல்லெண்ணெயில் போட்டு, மூடியை இறுக்கி இரண்டு நாள் ஊறவிட்டேன். இன்னொரு பங்கை வினிகரில் ஊறவைத்தேன். பிறகு துணியில் வடிகட்டி, தொக்கை அடுப்பிலிருந்து இறக்கி ஆறியபின் வினிகரைக் கலந்து, பாட்டிலில் நிரப்பி, மேலே ஒரு விரல்கடைக்கு அந்த எண்ணெயை ஊற்றினேன்.

மறுபடியும் ஜன்னல் மேடை, மறுபடியும் சின்ன பாட்டில்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பேன். வெறும் தொக்கு வழக்கம்போல் முதலில் பூத்து, பச்சையாகி, கறுத்து, கடைசியில் குப்பைக்குப் போனது. பக்கத்திலேயே நின்ற கிராம்பு எண்ணெய் பாட்டில் அசையவில்லை. மழை பெய்து நின்றது, மறுபடியும் பெய்தது, ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. தொக்கு அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். கெடவில்லை.

ஆனால் அது என் தொக்கும் இல்லை. சூரையின் ருசியும் பிலிம்பியின் புளிப்பும் கிராம்புக்குப் பின்னால் எங்கோ ஒளிந்துகொண்டிருந்தன. எண்ணெயைக் குறைத்துப் பார்த்தேன், பூஞ்சை எட்டிப் பார்த்தது. கூட்டினால் வாய் மரத்தது. ருசி வேண்டுமா, கெடாமல் போய்ச் சேர வேண்டுமா என்று அடுப்பங்கரையில் நின்று வெகுநேரம் யோசித்தேன். தெருவே புகழ்ந்த கையால் சுமாரான ஒன்றைச் செய்து அனுப்புவது எனக்கு அவ்வளவு சுலபமில்லை. கடைசியில் அந்தக் கழுத்தெலும்புதான் ஜெயித்தது. பூஞ்சை வராத அளவிலேயே கிளறி, இரண்டு பெரிய பாட்டிலில் நிரப்பினேன். ஹேடோ கேட்டில் குழந்தையோடு நின்ற ஒரு மலையாளி டீச்சர் கையில் கொடுத்தனுப்பினேன். தொக்கில் என்ன மாற்றம் என்று கணவருக்குச் சொல்லவில்லை.

அந்தக் கப்பலும் தாமதமாகத்தான் கிளம்பியது. வழியில் ஒவ்வொரு தீவாக நின்று போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தும் அவரிடமிருந்து போன் இல்லை. டவர் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்நேரம் பப்பாளி மரத்தடியில் குழி வெட்டிக்கொண்டிருப்பாரோ என்றும் மனதில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தொக்கு வந்துச்சு" என்றார்.

"எப்படி இருக்கு?"

வழக்கமான "சூப்பர்" வரவில்லை. தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

கையிலிருந்த ஈரத் துணியோடு படிக்கட்டில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க."

"கிராம்பு ரொம்ப ஜாஸ்தி. வாயெல்லாம் மரத்துப்போவுது. பல் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்த மாதிரி இருக்கு. அப்புறம் உப்பு. உப்பு கொஞ்சம் கம்மி. மீனையும் இவ்வளவு பொடியா உதிர்க்காத, கடிக்கிறதுக்கு ஒண்ணும் ஆப்பட மாட்டேங்குது. வினிகர் எதுக்கு? பிலிம்பிதான் இருக்குல்ல?"

அடுக்கிக்கொண்டே போனார். இத்தனை நாளில் ஒரு குறையும் சொல்லாத மனிதர். ஏனென்றால் அவர் அதைச் சாப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு குறையாக அவர் சொல்லச் சொல்ல என் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. சத்தம் போகக்கூடாதென்று ஈரத் துணியை வாயில் வைத்துக்கொண்டேன்.

"லைன்ல இருக்கியா? கோச்சுக்கிட்டியா?"

"இல்ல. அப்ப பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா? நேத்து மூணு தடவ சோறு போட்டுக்கிட்டேன். அரிசிதான் காலியாவுது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "ஏங்க, அந்தப் பப்பாளி மரம் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"நல்லா காய்க்குது" என்றார் மெதுவாக. "அவன் சொல்லிட்டானா?"

"இனிமே அதுக்கு உரம் கிடையாதுன்னு சொல்லிடுங்க."

அடுத்த கப்பல் வந்த அன்று ஆபீஸில் சொல்லிவிட்டு ஹேடோவுக்குப் போனேன். கணவர் அனுப்பிய ஆள் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே தேங்காய், பாக்கு, எனக்கொரு கைலித் துணி. பாட்டிலைத் தேடினேன். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். அங்கேயே நின்று போன் போட்டேன்.

"பாட்டில் எங்கங்க? அடுத்த தொக்குக்கு வேணுமே?"

"எப்படி அனுப்புறது?" என்றார் அவர். "இன்னும் பாதி இருக்குல்ல."

பாட்டில் இல்லாத பையைத் தூக்கிக்கொண்டு ஃபெர்ரிக்கு நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கேட்டிலிருந்து நான் திரும்பியதே இல்லை.